ஆணி தொடாத அப்பாதுரை

தான் பூட்டிய தறியில் ஒரே ஒரு ஆணியைக் காட்டினால் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன் என்று அப்பாதுரை பந்தயம் கட்டி வெகுகாலம் ஆகிறது. மீசை இன்றைக்கும் முழுசாகத்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கைக்காரர். மூணாங்கிளாஸோடு படிப்பு முடிந்தது. "பள்ளிக்கூடம் என்னிய வேணான்னு சொல்றதுக்கு முந்தி நானே அத்த வேணான்னுட்டேன்" என்பார். வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போக, இவர் மட்டும் உளியைப் பிடித்தார். சின்ன காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் தறி பூட்டுகிற மேஸ்திரி ஆனார். குழி வெட்டி, கால் நட்டு, சட்டம் ஏற்றி, புடவையில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கிற வரைக்கும் அவர் கையில் எல்லாம் மரத்தோடு மரம். துளை போடுவார், முளையைச் சொருகுவார், கடைசியில் ஒரு ஆப்பு அடித்து முடிப்பார்.

"ஆணி துரு வுடும்பா. துரு பட்டா பட்டு போச்சி. ஒரு கல்யாணப் பொடவைல துரு ஏறிச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்பார். நெசவாளி பலகையை இழுத்து அடிக்க அடிக்க, ஆப்பு இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். அடிதான் அதற்குச் சாப்பாடு. அப்பாதுரை அடித்த ஆப்பு ஆடியதாக ஒரு வீட்டிலும் பேச்சு வந்ததில்லை.

இந்தத் தொழில் பெருமைக்கு அடுத்து அவருக்கு ஒரு பெருமை உண்டென்றால் அது அவருடைய அம்பாசிடர். அவர் தறி பூட்டிக் கொடுத்த ஒரு பட்டுக்கடை முதலாளி வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குள் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. "எடுத்துக்கினு போய்யா, எடமாவது காலியாவட்டும்" என்று முதலாளி சொன்ன மறுநாளே கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார். கோழி எச்சத்தைச் சுரண்டி, இஞ்சினை மாற்றி, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவந்து, பால் வெள்ளையில் பெயிண்ட் அடித்து, அதைத் திரும்பவும் வண்டியாக்கப் பல வருஷம் பிடித்தது. நாலு தெரு தாண்டி அது இருமினால்கூட, "மேஸ்திரி வராரு" என்று அடுப்படியில் இருக்கிற அவர் மனைவி அலமு உலையை இறக்கிவிடுவாள்.

இதற்கெல்லாம் மேலே மூன்றாவதாக ஒரு பெருமை வந்து சேர்ந்தது. பேத்தி.

மகள் துர்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, பொன்னி என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து அப்பாதுரையிடம் யாரும் வேறு விஷயம் பேச முடியவில்லை. டீக்கடையில் போனை எடுத்து நீட்டுவார். "பாருபா, இது கொட்டாவி வுடுது. இது கொட்டாவி வுட்டு முடிச்சது." தறி பூட்டப் போன வீட்டில் குழியை அளப்பதற்கு முன்னால் பேத்தி தும்மிய கதையைச் சொல்லி முடிப்பார்.

ஆனால் ஒரு குறை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கூட்டிவரப் போன அன்று அம்பாசிடர் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டது. பொன்னி ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தாள்.

இதைச் சம்பந்தி வீரபத்திரன் விடுவாரா? மாகறல்காரர். நிலம், நெல், ஒரு தடவை வார்டு மெம்பர் என்று வாழ்ந்தவர். ஆளும் நெல் மூட்டை மாதிரிதான் இருப்பார். வெள்ளைச் சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலில் நிற்கிற அம்பாசிடரை ஒரு தட்டு தட்டுவார்.

"இன்னா சம்மந்தி, கோழி எல்லாம் சொகமா?"

அப்பாதுரை பல்லைக் கடித்துக்கொள்வார்.

ஐந்தாம் மாசம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வீரபத்திரன் சொல்லிவிட்டார்: "புது வண்டி ஒண்ணு சொல்லிக்கிறேன். ஏசி வண்டி. பாப்பா சில்லுனு வரட்டும்."

"இன்னாத்துக்கு? என் பேத்தி என் வண்டிலதான் வருவா" என்றார் அப்பாதுரை.

"அந்த ஸ்பிரிங்கு குத்தற சீட்லயா?"

அது உண்மைதான். முன்பக்கத்து நீள சீட்டில் உட்கார்ந்தால் எந்த ஸ்பிரிங் எங்கே குத்தும் என்று அலமுவுக்கு மனப்பாடம். அப்பாதுரை மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறினார். பழைய வண்டிச் சாமான் விற்கிற கடையில், ஏதோ ஒரு புது காரிலிருந்து கழற்றிய இரண்டு தனித்தனி சீட்டுகளைப் பிடித்தார். கறுப்புத் துணி, தலைக்கு ஒரு திண்டு, இடுப்பை அணைத்துப் பிடிக்கிற வளைவு. சீட்டோடு பெல்ட்டும் வந்தது. பஸ் டாப்பில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியதும் அலமு உட்கார்ந்து பார்த்தாள்.

"ராணி மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அந்த சீட்டின் காலுக்கும் அம்பாசிடரின் தரைக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டில் துளை இருக்கிற இடத்தில் தரையில் மேடு. தரையில் துளை இருக்கிற இடத்தில் சீட்டு இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஒர்க்ஷாப்புக்குப் போயிருப்பார்கள். ஆனால் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியையே ஆணி இல்லாமல் நிறுத்துகிற மனுஷருக்கு ஒரு சீட்டு எம்மாத்திரம்?

வீட்டில் கிடந்த தேக்குச் சட்டத்தை எடுத்தார். வண்டியின் குறுக்கே இரண்டு கட்டை. சீட்டின் கால் உட்காரக் கட்டையில் பள்ளம். கட்டைக்கும் வண்டியின் நடு மேட்டுக்கும் இடையில் நாலு ஆப்பு. பெல்ட்டின் முனையைத் தறிக்கயிற்றால் அதே கட்டையில் கட்டினார். உலுக்கிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது.

"ஒரு ஆணி இல்ல பாத்தியா" என்றார்.

"உங்க மீசைக்கு ஆபத்தில்ல" என்றாள் அலமு.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டார்கள். திருஷ்டி சுற்றி உடைப்பதற்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தாள் அலமு. கையில் தூக்கியவள் சிரித்தாள்.

"இந்தாங்க, தூக்கிப் பாருங்க. நம்ம பொன்னி வெயிட்டு."

அப்பாதுரைக்கு ஒரு யோசனை வந்தது. "சுத்தறதுக்கு முந்தி ஒரு ரவுண்டு போலாம். பாப்பா எப்படி ஒக்காருவான்னு பாத்துடலாம். அத்த மடில வெச்சிக்க."

பூசணிக்காயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அலமு புது சீட்டில் சாய்ந்தாள். வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. பாலாறு பக்கமாகப் போகிற ரோட்டில் காற்று சுகமாக வந்தது. அப்பாதுரை பூசணிக்காயிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். "பொன்னி கண்ணு, அதோ பாரு கொக்கு."

கொக்கைக் காட்டிய நேரத்தில் புதருக்குள்ளிருந்து ஒரு எருமை ரோட்டுக்கு வந்தது. அவசரமே இல்லாமல் வந்து நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது.

ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிரேக்கில் ஏறி நின்றார் அப்பாதுரை. வண்டி நின்றது. சீட்டு நிற்கவில்லை. பெல்ட் என்னவோ இறுக்கமாகத்தான் இருந்தது. பெல்ட்டும் சீட்டும் கட்டையும் அலமுவும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து முன்னால் போனார்கள். அலமுவின் முட்டி டேஷ்போர்டில் இடித்தது. அவள் மடியிலிருந்தது அதற்கு முன்பே பறந்து போய், ஒட்டியிருந்த பெருமாள் படத்துக்குக் கீழே மோதி, இரண்டாகப் பிளந்து காலடியில் விழுந்தது.

எருமை போய்விட்டது. இஞ்சின் அணைந்துவிட்டது. அலமு புடவையில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நல்லவேள, பூசணிக்கா."

அப்பாதுரை குனிந்து ஆப்பைத் தொட்டார். இரண்டு விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. பால் பல் மாதிரி.

இஞ்சினை மறுபடியும் எழுப்பி, வண்டியை மெதுவாக வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அவர் மனசு சும்மா இருக்குமா? பெரிய ஆப்பாக அடித்தால்? புளியங்கட்டையில் செய்தால்? வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து, சுத்தியலை எடுத்து, தடிமனான ஆப்பாகச் செதுக்கி இறக்கினார். உலுக்கினார். ஆடவில்லை. காலையில்கூட இப்படித்தான் ஆடாமல் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தறியில் அடி ஒரே பக்கம்தான் வரும். அந்தப் பக்கம் பார்த்து ஆப்பு வைத்தால் அடிக்க அடிக்க இறுகும். வண்டி அப்படியா? கிளம்பும்போது பின்னால் தள்ளுகிறது, பிரேக் போட்டால் முன்னால் இழுக்கிறது, பள்ளத்தில் மேலே தூக்குகிறது. ஒரு பக்கம் இறுகுகிற ஆப்பு இன்னொரு பக்கம் கழன்றுதான் தீரும்.

துர்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பொன்னி தாத்தாவைப் பார்த்ததும் காலை உதறினாள்.

"நைனா, வண்டி ரெடியா? ஞாயித்துக்கெழம எதுல போறோம்? அவருகிட்ட சொல்லணும்."

வீரபத்திரன் அம்பாசிடரைத் தட்டுகிற சத்தம் அப்பாதுரையின் காதில் கேட்டது. சுத்தியல் கையிலேயே இருந்தது. குழந்தை அவர் மீசையைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"இல்லமா. ரெடியாவல" என்றார்.

போனை எடுத்துச் சம்பந்திக்குப் போட்டார். "சம்மந்தி, நீ அந்த ஏசி வண்டியையே சொல்லிடு."

"இன்னா ஆச்சி? சிம்மாசனம் கவுந்துடுச்சா?"

"கவுந்துடுச்சி" என்று ஆரம்பித்து, கொக்கு, எருமை, பூசணிக்காய் எல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

"அலமும்மாவுக்கு முட்டி எப்படி இருக்குது?" என்று கடைசியில் கேட்டார் வீரபத்திரன்.

"தைலம் தேச்சிக்கினு இருக்குறா."

சனிக்கிழமை காலையில் அம்பாசிடர் ஏஞ்சலின் ஒர்க்ஷாப்பில் நின்றது. ஏஞ்சல் வெல்டிங், டிங்கரிங் இரண்டும் செய்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வாய் மட்டும் மூடாது. ஆப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூப்பரா செதுக்கிக்கிற மேஸ்திரி. இதுல ஒரு பொம்ம செஞ்சி பாப்பாவுக்குக் குடு."

"கிண்டல் பண்ணாத ஏஞ்சலு. போல்ட்டு போட்டு முடுக்கிட்டா சரியாப் பூடும் இல்ல?"

ஏஞ்சல் தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினாள். ஸ்குரூடிரைவரை எடுத்துக் குத்தினாள். அது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபக்கம் வந்தது. துளை வழியாக ஒர்க்ஷாப்பின் மண் தெரிந்தது.

"கோழி இருந்த எடம் இதானா?"

அப்பாதுரை மீசையைத் தடவினார்.

"இதுல எவ்ளோ பெரிய போல்ட்டு போட்டாலும் பேப்பர்ல ஊக்கு குத்துன மாதிரிதான். இழுத்தா போல்ட்டு ஒடையாது. தகரத்தக் கிழிச்சிக்கினு சீட்டோட வந்துடும். நீ மெதுவாதான் போற, எருமைக்குத்தான் பிரேக்கு போட்ட, அதுக்கே ஆயா முட்டி வீங்கிச்சி. ஒரு லாரி மோதினா சீட்ல இருக்கற ஆளு பத்து மடங்கு, இருவது மடங்கு வெயிட்டா இழுப்பான். அத்தத் தாங்கணும்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"துரு புடிச்சதெல்லாம் வெட்டிப் போட்டுட்டு புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். சீட்டுக்குக் கீழ இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் இரும்புச் சட்டம், ரெண்டு பக்கமும் பாடியோட சேத்து. சீட்டு காலு சட்டத்து மேல. போல்ட்டு தரையத் தாண்டிக் கீழ போவும். கீழ என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்புத் தகடு, அப்புறம் தானா கழலாத நட்டு. அப்ப இழுத்தா ஒரு ஓட்டை இழுக்காது, மொத்த தரையும் புடிச்சிக்கும். அப்புறம் இந்தக் கயிறு…" தறிக்கயிற்றை இரண்டு விரலால் தூக்கினாள். "இதுல துணி காயப் போடலாம். பெல்ட்டுக்கு வண்டி பாடியிலயே தனியா தடிப்புத் தகடு வெச்சிப் புடிக்கணும்."

"நாளைக்குள்ள ஆவுமா?"

"அவசரமா வேணும்னா ஆப்பே வெச்சிக்க. எனக்கு ஒரு வாரம் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பொன்னி புது வண்டியில் கிளம்பினாள். பின்னால் துர்கா, குழந்தை, முட்டியில் துணி கட்டிய அலமு. வீரபத்திரன் மாகறல் வாசலில் ஆரத்தி கரைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அப்பாதுரை முன்சீட்டில். ஏசி சில்லென்று வந்தது. பாட்டு ஓடியது. அவர் மனசில் எதுவும் ஏறவில்லை. ஓரிக்கை தாண்டுவதற்குள் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

டிரைவர் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இன்னா பெர்சு, எதனா வுழுந்துடுச்சா?"

"இல்லபா. போல்ட்டு இருக்குதான்னு பாக்குறேன்."

"இருக்குதா?"

"இருக்குது. நல்லா மொரட்டுப் போல்ட்டு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் பின்னால் திரும்பிப் பேத்தியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாகறலில் இறங்கியதும் வீரபத்திரன் வாய் நிறைய வரவேற்றார். "வா பூசணி, வா வா."

அந்த வாரம் முழுக்க அதுதான் பெயர். தினமும் போன் வரும். "பூசணி, வண்டி இன்னா ஆச்சி?" இவரும் தினமும் ஒர்க்ஷாப்புக்குப் போய் நிற்பார். வெட்டி எடுத்த துருத் தகடு, பிஸ்கட் மாதிரி பொடிந்து கிடந்தது. ஏஞ்சல் வெல்டிங் வைக்கும்போது திரும்பிக்கொள்வார், முடிந்ததும் குனிந்து தட்டிப் பார்ப்பார். மரத்தைத் தட்டிச் சத்தம் கேட்கிற பழக்கம். மருமகன் குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்ன சீட்டு வாங்கி அனுப்பியிருந்தான். அதைப் பின்சீட்டில் பெல்ட்டால் கட்டிக் காட்டினாள் ஏஞ்சல். குழந்தையை உட்காரவைத்தால் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்.

"ஏம்மா, மாத்தி வெச்சிட்ட. என் மூஞ்சப் பாக்காம வந்தா எப்படி?"

"இதான் சரி. பிரேக்கு போட்டா கழுத்து ஒடியாது. ஒன் மூஞ்சப் பாத்தா அழும் மேஸ்திரி, வுடு."

வேலை முடிந்த அன்று மத்தியானம் வீரபத்திரன் சொல்லாமல் கொள்ளாமல் ஒர்க்ஷாப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய்.

"என் பேத்தி ஒக்கார்ற வண்டி. நான் ஒக்காந்து பாக்காம வுடமாட்டேன்" என்று முன்சீட்டில் ஏறினார். சீட்டு ஒரு தடவை பெருமூச்சு விட்டது. ஏஞ்சல் அவர் வயிற்றைச் சுற்றிப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"இந்த சீட்டுக்கு இதவிடப் பெரிய டெஸ்டு கெடையாது" என்றாள்.

பாலாற்று ரோடு. அன்றைக்கு எருமை இல்லை. "எருமை வரல, நீயே நெனச்சிக்க" என்றார் வீரபத்திரன், பூசணிக்காயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு. அப்பாதுரை முன்னும் பின்னும் பார்த்தார். ரோடு காலி. பெருமாளை நினைத்துக்கொண்டு பிரேக்கில் ஏறினார்.

டயர் கத்தியது. வீரபத்திரன் "யம்மா" என்றார். தோளில் போட்ட துண்டு பறந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்தியது. சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாதுரை மெதுவாகத் தலையைத் திருப்பி மடியைப் பார்த்தார். பூசணிக்காய் முழுசாக இருந்தது.

இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். கையை விட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டார். அசையவில்லை.

"எத்தினி ஆணி போட்டிருக்குது?" என்று கேட்டார் வீரபத்திரன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆணி இல்ல. போல்ட்டு."

"அதெல்லாம் கெடையாது. இரும்பு இரும்புதான். பாதி மீசைய எடுய்யா."

"அந்தப் பந்தயம் தறிக்குத்தான் சம்மந்தி. வண்டிக்கு இல்ல."

"சரி, மீசைய வெச்சிக்க. நாளைக்குக் காலைல வந்துடு. பாப்பாவ வரதர் கோயிலுக்கு இதுலயே கூட்டினு போலாம். நான் இந்த சீட்டு."

"அலமு எங்க ஒக்கார்றது?"

"பின்னால, பாப்பா பக்கத்துல. மறுபடியும் முட்டி இடிச்சா ஒனக்குத்தான் திட்டு வுழும்."

வீட்டுக்கு வந்ததும், பூசணிக்காயைத் திருஷ்டிக்கு உடைக்கலாம் என்றார் அப்பாதுரை. அலமு விடவில்லை. பிழைத்து வந்ததை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லையாம். மோர்க்குழம்பு வைத்தாள். வீரபத்திரன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை மாகறலிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் அம்பாசிடர் போன வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பால்காரர் சைக்கிள் அதைத் தாண்டிப் போயிற்று. நடந்து போன இரண்டு பெண்கள் ஜன்னலுக்குள் எட்டிக் குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் தங்கள் வழியில் முந்திப் போனார்கள்.

"ஏன்யா பூசணி, கோயில் நடை சாத்திடுவாங்க. கொஞ்சம் மிதி" என்று முன்சீட்டில் பெல்ட்டுக்குள் திமிறினார் வீரபத்திரன்.

"போல்ட்டு இருக்குதுன்னு பறக்க முடியுமா? சும்மா ஒக்காரு" என்றார் அப்பாதுரை.

பின்னால் பொன்னி, யார் முகத்தையும் பார்க்காமல், பின்சீட்டின் முதுகைப் பார்த்துக் கத்திக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.